உள்துறையின் வழி

ஒரேயொரு எழுத்து பிசகியது. 'லி' விழவேண்டிய இடத்தில் 'ழி' விழுந்தது. அதனால், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகத்தின் மனைவிக்கு, தன் வீட்டுக்குப் போகும் வழி இல்லாமல் போயிற்று. மறந்துபோயிற்று என்று யாரும் திருத்தவேண்டாம். மறந்தது என்றைக்காவது ஞாபகம் வரும். இது அவளை விட்டுக் கழன்று, துண்டு துண்டாகி, துபாய்க்கும் டொராண்டோவுக்கும் திருப்பூருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தட்டியது கோமதிநாயகத்தின் விரல். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவருக்கும் இல்லை.

அவர் வலைப்பூ தொடங்கியது பெரிய காரணத்துக்காக அல்ல. கையிலிருந்த மைக் போய்விட்டது, அவ்வளவுதான். 'கழுகுமலை வழி கோவில்பட்டி செல்லும் வண்டி இரண்டாவது நடைமேடையில் நிற்கிறது' என்று விடிந்ததிலிருந்து அடையும் வரை ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், ஒரு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு, சொல்ல ஒன்றுமில்லாமல், சொன்னாலும் கேட்க ஆளில்லாமல், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். வீட்டில் இருந்தது ஒரு ஜோடிக் காது. மனைவியுடையது. அந்தக் காதில் அவர் என்றைக்குமே அதிகம் போட்டதில்லை. சென்னையில் வேலையிலிருந்த மகன் பொங்கலுக்கு வந்தபோது தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, "இதுல எழுதுங்கப்பா, உலகம் பூரா படிப்பாங்க" என்று சொல்லி, தமிழில் தட்டுவதைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். கோமதிநாயகம் தன் வலைப்பூவுக்கு 'இரண்டாவது நடைமேடை' என்று பெயர் வைத்தார்.

படித்தார்கள். அதுதான் வினை. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் கத்தினபோது ஒருத்தன் நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கே அவர் ஒரு வரி எழுதினால் நாலு பேர் பின்னூட்டம் போட்டார்கள், நன்றாயிருக்கிறது ஐயா என்றார்கள், அடுத்தது எப்போது என்றார்கள். அந்தக் காலத்தில் பதிவு எழுதின ஆம்பளைகளெல்லாம் பெண்டாட்டிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இவரும் வைத்தார், 'உள்துறை' என்று. உள்துறை ரசம் வைத்தது, உள்துறை சீரியல் பார்த்து மூக்கைச் சிந்தியது, உள்துறை காய்க்காரனோடு சண்டை போட்டது என்று வாரம் ஒன்று எழுதினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். உள்துறைக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் முதுகைப் பார்த்தபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

'மெய்ப்பு' என்ற பெயரில் ஒருத்தன் மட்டும் குத்திக்கொண்டே இருந்தான். "ஐயா, 'களுகுமலை' எங்கே இருக்கிறது?" என்பான். "பளம் தின்றால் பல் விளுமா?" என்பான். கோமதிநாயகத்தின் வாய்க்கு 'ழ' வராது. வராததால் விரலுக்கும் வராது. அவமானம் தாங்காமல், இனிச் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் 'ழ' போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். இப்படித்தான் ஆரம்பித்தது.

டீக்கடைச் செல்லையாவின் கடைவாய்ப் பல்வலியை வைத்து ஒருநாள் வேடிக்கையாக ஒரு பதிவு எழுதினார். மறுநாள் காலை செல்லையா வந்து வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, பல்லு வலி போயிட்டு."

"பிடுங்கிட்டீரா?"

"பல்லு இருக்கு. வலியத்தான் காணோம்."

உள்ளே போய்ப் பார்த்தால் பின்னூட்டங்கள் வந்திருந்தன. ஷார்ஜாவிலிருந்து ஒருத்தர், படித்து முடித்ததும் தனக்கும் லேசாகப் பல் கூசியது என்று எழுதியிருந்தார். டொராண்டோவில் ஒரு அம்மா, காபி குடிக்கும்போது ஒரு நிமிஷம் சுருக்கென்றது என்று எழுதியிருந்தாள். செல்லையாவின் வலி முந்நூற்றுப் பன்னிரண்டு பங்காகி ஆளுக்குக் கடுகளவு போயிருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

ஊர் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஊருக்கு ஏகப்பட்ட வலி இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் ஆள் சேர்ந்தது. இடுப்பு வந்தது, குதிகால் வந்தது, மருமகள் பேச்சால் வந்த நெஞ்செரிச்சல் வந்தது, எட்டு வருஷமாகத் தூங்காத தாலுகா ஆபீஸ் பியூன் வந்தார். அவர்கள் சொல்லச் சொல்ல இவர் கேட்டார். கேட்டுக் கேட்டு எழுதினார். எழுத எழுத அவர்களுக்குப் போயிற்று. போகப் போக ஊரே சட்டங்களையும் கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு பதிவுக்கு ஒரு வலிதான். சுவாரசியமாகச் சொல்லவேண்டும், வழவழவென்று இழுத்தால் வாசகர் பாதியில் ஓடிவிடுவார், வலியும் பாதியில் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை எழுதக்கூடாது, ஏனென்றால் தமிழர்கள் வலைப்பூ படிப்பது ஆபீசில் உட்கார்ந்துதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதின மூலவியாதி ஒன்பதே பேருக்குப் போய், அந்த ஒன்பது பேரும் திங்கட்கிழமை நாற்காலியில் உட்காரமுடியாமல் நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். பொம்பளைகள் தங்கள் வியாதியைப் பேர் சொல்லி எழுதவேண்டாம் என்றார்கள். பெயரில்லாமல் எழுதினால் போகாது என்று தெரிந்ததும், சரி, துபாய்க்காரனுக்கு நம்மளைத் தெரியவா போகுது என்று சமாதானமானார்கள்.

கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவர் நல்லதும் செய்தார். ஆனால் அவரும் ஒன்று வைத்திருந்தார்.

ஆள் வராத ஒரு மத்தியானம், தன்னுடையதை எழுதினார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தியது. செண்பகவல்லி என்று மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறி வீட்டிலேயே போய்விட்டாள். ஒரு கண்டக்டர் ஓடிவந்து அவரிடம் சொன்னபோது பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தில் பன்னிரண்டே கால். கோமதிநாயகம் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு மைக்கை எடுத்தார். புளியங்குடி வழி தென்காசி என்றார். ராஜபாளையம் வழி மதுரை என்றார். ஆறு மணிக்கு டூட்டி முடியும் வரை ஒரு வண்டி விடாமல் சொல்லி முடித்து, பிறகு வீட்டுக்குப் போனார். ஆறு மணிக்குத்தான் தகவல் கிடைத்தது என்று மனைவியிடம் சொன்னார். அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணிவரை வாசலைப் பார்த்திருந்தாள்.

இதைத்தான் எழுதினார். 'பன்னிரண்டே கால்' என்று தலைப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் படித்தார்கள். நாலு பேர் அன்றைக்கு ஆபீசில் லீவு போட்டார்கள். டொராண்டோ அம்மா மூன்று நாள் சமைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் அவரை விட்டு இறங்கிற்று. லேசாக இருந்தது. சீட்டியடிக்கலாம்போல இருந்தது. அவர் எழுதியது அவர் துக்கம். போனது அவருடையது மட்டும். மனைவியுடையது மனைவியிடமே கிடந்தது, இப்போது துணைக்கு ஆளில்லாமல். இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஊரில் கம்ப்யூட்டர் இருந்த பதினாலு வீட்டிலும் அதைப் படித்திருந்தார்கள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவளிடம் யாரும் பேச்செடுக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்ததும் அவளுக்கு முழங்கால் வீங்கியது. வாசலில் நின்ற கூட்டம் கலையும் வரை காத்திருந்து ஒருநாள் கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"ஊர்ல உள்ளவுக வலியெல்லாம் எழுதுதிய. என் முட்டு வலிய எழுதமாட்டியளோ?"

"எழுதுதேன், எழுதுதேன். சும்மா இரி."

அவர் அப்போது 'மெய்ப்பு'க்குப் பதிலடி தட்டிக்கொண்டிருந்தார். அதை முடித்த கையோடு, அதே சூட்டில், அஞ்சு நிமிஷத்தில் அவளுடையதை எழுதினார். அவள் பெயரைப் போட்டு, முப்பத்தோரு வருஷம் மைக்கில் சொல்லிச் சொல்லி விரல்வரை இறங்கியிருந்த வார்த்தை தானாக வந்து விழ, சந்தேகம் வந்த இடத்தில் 'ழ'வையும் போட்டு, 'உள்துறையின் வழி' என்று தலைப்பு வைத்தார். 'இவளுடைய வழி இனிப் பொறுக்கமுடியாது, வாசகர்கள் எடுத்துக்கொள்ளவும்' என்று முடித்தார். திருப்பிப் படிக்கவில்லை. மற்றவர்களுடையதை மூன்று தடவை படிப்பார்.

எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவள் பாயிலிருந்து எழுந்து அடுக்களைக்கு நடந்தாள். போய்ச் சேர்ந்தது கொல்லை. கொல்லையிலிருந்து அடுக்களைக்கு நடந்தாள். போய்ச் சேர்ந்தது தெரு. பால் வாங்கப் போனவள் பதினோரு மணிக்குக் கோவில் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள், செம்பில் பால் திரிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. வலி அப்படியே இருந்தது.

கோமதிநாயகம் ஓடிப்போய் 'ழி'யை அழித்து 'லி' போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பதிவையே அழித்தார். ஒன்றும் நடக்கவில்லை. படித்தது படித்ததுதான்.

ஊர் இதற்கும் பழகியது. தெருவில் வீடு வரைக்கும் சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டார்கள். "அம்பு போற எடத்துக்குப் போயிருவேன். அங்க இருக்கது என் வீடுன்னு எப்பிடித் தெரியும்?" என்று அவள் கேட்டாள், அதில் நியாயமிருந்தது. தெப்பக்குளத்திலிருந்து வாசல் வரை கொடிக்கயிறு கட்டினார்கள். அதில் எல்லாரும் துணி காயப்போட்டார்கள். சோறு வடிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை வைத்து அவளைக் கைப்பிடித்து அடுப்படியில் கொண்டுவிட்டார்கள். மினி பஸ்காரர்கள் அவள் ஏறினால் இறக்கிவிடாமல் ஒரு சுற்று சுற்றி ஏறின இடத்திலேயே விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் புது டைம் கீப்பர் பஸ்களுக்கு நடுவே, "நம்ம பழைய டைம் கீப்பர் வீட்டம்மா நாலாவது நடைமேடையில் நிற்கிறார்கள், உடனே வந்து அழைத்துச் செல்லவும்" என்று சொல்லப் பழகினான். எல்லோருக்கும் அது ஒரு பஸ்ஸின் பெயர்போல ஆகிவிட்டது. கோமதிநாயகத்துக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த மைக் சத்தம் முதுகில் விழுந்தது.

வழியை எடுத்துக்கொண்டவர்கள் பாடும் திண்டாட்டம்தான். ஷார்ஜாக்காரர் ரூமுக்குப் போகையில் இல்லாத ஒரு பம்ப் ரூமைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி, யார் வீட்டுச் சுவரிலோ முட்டிக்கொண்டார். குற்றாலத்துக்குக் கிளம்பின திருப்பூர்க் குடும்பம் ஒன்று, ஏனென்று தெரியாமல் வேனை ஒடித்து ஒடித்துக் கோமதிநாயகம் வீட்டு வாசலில் வந்து இறங்கிக் காபி குடித்துவிட்டுப் போனது. வழி தெரிந்தவர்களெல்லாம் வந்தார்கள். வீட்டுக்காரி தெருவில் நின்றாள்.

கடைசியில் அவர் ஒரு பதிவு போட்டார். தப்பு என்னுடையது, தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள், என்று இரண்டே வரி. கொடுத்தார்கள். நல்ல ஜனங்கள். ஆளாளுக்குத் தன்னிடம் இருந்த துண்டைப் பின்னூட்டத்தில் எழுதினார்கள். பம்ப் ரூமைத் தாண்டியதும் இடது. கறுப்பு கேட் வீட்டில் நாய் படுத்திருக்கும், ஒன்றும் செய்யாது. வேம்புக்கு எதிரே சாக்கடைக் கல் ஆடும், பார்த்துக் கால் வைக்கவும். அடுக்களை நிலை தாழ்வு, குனியவும். இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு. எழுதினதும் அவர்களை விட்டு அது இறங்கியது. யாருக்கென்று எழுதியதோ அவர் கண்ணால் படித்தால் அவரிடம் ஏறும். கோமதிநாயகம் வாய்விட்டு ஒன்றை வாசித்துக் காட்டிப் பார்த்தார், காது வழியாக ஏறவில்லை.

அவள் எட்டாவது படித்தவள். பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள். கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்தால் ஒரு மணி நேர வேலை.

ஆனால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும், இந்த நேரத்தில் போய் 'உள்துறை' என்று எழுத மனசு வராமல், சொல்லிவைத்ததுபோல ஒவ்வொரு துண்டின் தலையிலும் 'செண்பகவல்லியின் அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தார்கள். சிலர் அதற்குக் கீழே, பன்னிரண்டே காலுக்குத் தகவல் வந்தும் ஆறு மணிவரை அவர் வராமல் இருந்ததை மன்னியுங்கள் அம்மா, என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான்.

கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டைக் கம்ப்யூட்டர்மேல் போட்டு மூடினார்.

செல்லையா கேட்டார். "எல்லாம் வந்துட்டாம்லா அண்ணாச்சி. மைனியப் படிக்கச் சொல்ல வேண்டியதான?"

"அவளுக்குப் படிக்கத் தெரியாது."

அந்த வார்த்தை வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. செல்லையா பாவம் என்று உச்சுக்கொட்டினார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, டைம் கீப்பர் வீட்டம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாதென்று. பத்தொன்பது நாள் போயிற்று. பத்தொன்பது நாளும் அவள் நனைந்துகொண்டு, காலை இழுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்து தடவை தொலைந்து ஐந்து தடவை கொண்டுவரப்பட்டாள். கொண்டுவந்தவர்களுக்கு அவர் தண்ணீர் கொடுத்தார், நன்றி சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல் துண்டை எடுத்து நீட்டினார். நாளைக்குக் காட்டிவிடலாம் என்று நினைப்பார். நாளைக்கு மறுபடி நாளைக்கு என்று நினைப்பார். ஒரு பிற்பகல் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் எங்கயாவது ஒரேயடியாப் போயிட்டா தேடவேண்டாம், ஆளுகளுக்குச் செரமம்" என்றாள். அன்றைக்கும் கம்ப்யூட்டர்மேல் கிடந்த துண்டை விலக்க அவருக்குக் கை வரவில்லை.

இருபதாம் நாள் செல்லையா வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, மைனி தேரடியில பிரௌசிங் சென்டர்ல இருக்காவ."

"யாராவது கூட்டிட்டு வாங்களேன்."

"கூப்பிட்டாச்சு. வரமாட்டேங்காவ. பத்து மணிக்கு உக்காந்தவுகளாம். படிச்சிக்கிட்டு இருக்காவ. படிக்கத் தெரியாதுன்னீரே?"

கோமதிநாயகம் செருப்பைத் தேடினார்.

நடந்தது இது. மழைக்கு ஒதுங்கினவளை அந்தக் கடை நடத்தும் ரஹ்மத் நிஷா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்களுக்கு மட்டும் படிக்கத் தெரிஞ்சிருந்தா எப்பவோ சரியாயிருக்குமேம்மா" என்று வருத்தப்பட்டிருக்கிறாள். "யாரு சொன்னா தெரியாதுன்னு?" என்று இவள் கேட்டிருக்கிறாள். ரஹ்மத் நிஷா திரையைத் திருப்பிவிட்டு, பக்கத்தை நகர்த்துவது எப்படி என்று மட்டும் காட்டியிருக்கிறாள்.

தேரடியில் எதிர்ச்சாரியில் நின்றார் கோமதிநாயகம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு தெரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டையும் படித்து முடித்திருப்பாள், ஆனாலும் எழுந்திருக்கவில்லை. விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. 'பன்னிரண்டே கால்' பதிவுக்குப் போயிருக்கிறாள். அதற்கு முந்தியதற்கும் போயிருக்கிறாள். ரசம், சீரியல், மூக்கைச் சிந்தியது, எல்லாவற்றுக்கும். உள்ளே போய் அவள் தோளைத் தொட்டால் தீர்ந்தது. சாலை இருபதடி அகலம்தான். மனுஷனால் கடக்க முடியவில்லை. பஸ்கள் போயின. எந்த வழி எந்த ஊர் என்று போர்டுகளைப் படித்துக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு வெளியே வந்தாள். எதிரே நின்றவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. நடந்தாள். பம்ப் ரூமைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினாள். வேம்புக்கு எதிரே கல்லைப் பார்த்துக் கால் வைத்தாள். தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். முழங்காலை இழுத்து இழுத்து அவள் முன்னால் போக, பத்தடி பின்னால் அவர் போனார், வழி தெரியாதவரைப்போல.

நேரே அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மத்தியானமே தெரியுமாம்லா."

அவர் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"நான் ஆறு மணி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். வண்டி ஒவ்வொண்ணு வரையில மைக்குல உங்க சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. இன்னும் தெரியலை போலுக்குன்னு நெனச்சேன். பாவமேன்னு இருந்துச்சு எனக்கு, உங்கள நெனச்சு."

"சொல்ல வரலை."

"எழுத வந்துச்சே."

அவர் தரையைப் பார்த்தார்.

"டொராண்டாவுல ஒருத்தி எம்மவளுக்காவ மூணு நாளு அடுப்பு பத்தவைக்கலியாம். நீங்க அன்னைக்கு ரெண்டு இட்லி கூடுதலாச் சாப்பிட்டிய. வயிறு நல்லாருக்கு போலன்னு நானும் வச்சேன்." கொஞ்ச நேரம் காலை நீவிக்கொண்டிருந்தாள். "இத்தன நாளா, வீடு இருக்குன்னு தெரியும், போவணும்னு இருக்கும், காலு மட்டும் வேற பக்கம் போவும். அன்னைக்கு உங்களுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும்னு இப்ப வெளங்குது. அதுக்காவ விட்டுருவேன்னு நெனைக்காதிய."

"அழிச்சிருதேன். எல்லாத்தையும்."

"ஒண்ணும் அழிக்கவேண்டாம். உங்க துக்கத்துல ஒரு பங்கு இன்னைக்குப் படிச்சதுல எங்கிட்ட ஏறியிருக்கு. என்னுது வேற இருக்கு. ரெண்டையும் நானே எதுக்குச் சொமக்கணும்? பன்னெண்டே காலுல இருந்து ஆறு மணி வரைக்கும் இங்க என்ன நடந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லை. இப்பக் கேளுங்க."

சொன்னாள். எழுதிவைக்கவில்லை, வாயால் சொன்னாள். பிள்ளை கடைசியாகக் கேட்டது என்ன, யார் வந்து விளக்கேற்றியது, எந்தப் பாவாடையைக் கட்டிவிட்டது, ஒவ்வொன்றாக, மெதுவாக, அவர் எழுந்திருக்கப் பார்த்தபோது வேட்டியைப் பிடித்து உட்காரவைத்து, சொன்னாள். சொல்லச் சொல்ல, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கடுகு கடுகாகக் கிடந்த அவர் துக்கம் ஒவ்வொன்றாக இறங்கிவந்து அவர் நெஞ்சில் ஏறியது. முழுசாக ஏறியது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் தன் வீட்டில் உட்கார்ந்து அழுதார்.

சங்கரன்கோவிலில் போய்க் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர்கள் திருப்பிக் கொடுத்ததால் சரியாயிற்று என்பார்கள், ரஹ்மத் நிஷாவின் கம்ப்யூட்டர் ராசி என்பார்கள், டைம் கீப்பரே மனம் திருந்தி எழுதிச் சரிசெய்தார் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை. கெடுத்தது அவர். சரிசெய்தது அவள், ஆவுடையம்மாள்.